‘எல்லாரிடமும் வாட்ஸ்அப் இருக்கிறதே!’

பள்ளியும் பெற்றோரும் எதில் பேசிக்கொள்கிறார்கள் என்று தமிழ்நாட்டில் எந்தத் தலைமையாசிரியரைக் கேட்டாலும் வாட்ஸ்அப் என்பார். வேறு ஏதாவது வைத்துக்கொள்ளலாமே என்றால், “எல்லாரிடமும் அதுதானே சார் இருக்கிறது” என்பார். தனியார் பள்ளித் தாளாளரின் பதிலும் அதுதான். கல்வி அலுவலகத்துச் சுற்றறிக்கைகூட முதலில் அங்கேதான் வந்து விழுகிறது, தபாலில் பிறகு வருகிறது. காசு கேட்காத, கைப்பேசி எண் கேட்காத, பள்ளியே தன் பொறுப்பில் நடத்திக்கொள்ளக்கூடிய கட்டற்ற மென்பொருள்கள் இருக்கின்றன என்று எடுத்துச் சொன்னால் ஒரு சிரிப்பு வரும். அதெல்லாம் கம்ப்யூட்டர் படித்தவர்களின் பொழுதுபோக்கு, பள்ளிக்கூடத்துக்குச் சரிப்படாது என்பது அந்தச் சிரிப்பின் பொருள்.

இந்தக் கட்டுரை அந்தச் சிரிப்புக்குப் பதில்.

முதலில் ஒரு வகுப்புக் குழு எப்படி இருக்கிறது என்று பார்ப்போம். ஐந்தாம் வகுப்பு ‘பி’ பிரிவு என்று வையுங்கள். பிள்ளைகள் 40 பேர் என்றால் குழுவில் அறுபது, எழுபது எண்கள் இருக்கும். அப்பா ஒரு எண், அம்மா ஒரு எண், சில வீடுகளில் சித்தப்பா எண். போன வருடம் மாற்றலாகிப் போன பையனின் அப்பா இன்னும் உள்ளே இருப்பார். வெளியேற்ற யாருக்கும் நினைவில்லை. வேன் ஓட்டுநரையும் ஒரு வசதிக்காக யாரோ சேர்த்திருப்பார்கள். ஒவ்வொரு தாயின் கைப்பேசி எண்ணும் இத்தனை பேருக்கும் தெரியும். முகப்புப் படத்தை மறைத்து வைக்காதவர்களின் படமும் தெரியும். அதே குழுவில் காலாண்டுத் தேர்வு மதிப்பெண் பட்டியலைப் படமெடுத்துப் போடுவார்கள். கட்டணம் பாக்கி வைத்தவர்கள் பட்டியலும் வரும். வகுப்பில் அழுத பிள்ளையின் காணொளி, விளையாட்டு விழாவில் விழுந்த பிள்ளையின் காணொளி எல்லாம் எழுபது கைப்பேசிகளின் கேலரியில் தானாகவே போய் உட்காரும். வருகைப் பதிவேட்டைக் கிழித்துத் தெருமுனை டீக்கடைப் பலகையில் ஒட்ட எந்தத் தலைமையாசிரியரும் சம்மதிக்க மாட்டார். வாட்ஸ்அப்பில் அதைத் தினமும் செய்ய அவருக்கு ஏன் கூசவில்லை?

“அதில் முழு மறையாக்கம் இருக்கிறதே” என்று உடனே ஒரு பதில் வரும். இருக்கிறது, 2016இலிருந்து இருக்கிறது, நல்ல மறையாக்கம்தான். அனுப்புகிற கைப்பேசியிலிருந்து பெறுகிற கைப்பேசிக்குச் செய்தி போகும் வழியில் வாட்ஸ்அப்பின் உரிமையாளரான மெட்டா நிறுவனமே அதைப் படிக்க முடியாது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஐந்தாம் வகுப்புக் குழந்தைக்கு வழியில் என்ன ஆபத்து? ஆபத்து முழுவதும் இந்த முனையிலும் அந்த முனையிலும் இருக்கிறது. படத்தைச் சேமித்து வேறு குழுவுக்குத் தள்ளிவிடுகிற உறவினர், எண்ணைப் பார்த்து இரவு 11 மணிக்குத் தாய்க்குச் செய்தி அனுப்புகிற யாரோ ஒருவர், ‘உங்கள் மகளுக்கு உதவித்தொகை வந்திருக்கிறது, இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள்’ என்று அழைக்கிற மோசடிக்காரர் இவர்களையெல்லாம் எந்த மறையாக்கமும் தடுக்காது. யார் யாரோடு, எப்போது, எத்தனை முறை பேசினார் என்பதையும் அது மெட்டாவிடமிருந்து மறைக்காது. 2021இல் வாட்ஸ்அப் தன் தனியுரிமைக் கொள்கையை மாற்றி, ஏற்றுக்கொள் அல்லது வெளியேறு என்ற பாணியில் பயனர்களை நெருக்கியது. அதற்காக இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போனது. பள்ளி எங்கே போகும்?

இதில் இன்னொரு சங்கதி இருக்கிறது. அதை யாரும் பேசுவதில்லை. பெரியவர்கள் இருவர் பேசிக்கொள்ளும்போது மூன்றாமவர் பார்க்க முடியாமல் இருப்பது நல்லது. ஆசிரியரும் பதின்மூன்று வயது மாணவியும் பேசிக்கொள்ளும்போது யாருமே பார்க்க முடியாமல் இருப்பது நல்லதா? 2021 மே மாதம் சென்னைப் பள்ளி ஒன்றில் ஓர் ஆசிரியர்மீது மாணவிகள் வரிசையாகப் புகார் சொன்னது நினைவிருக்கும். தனிப்பட்ட முறையில் அனுப்பிய தகாத செய்திகளும் அந்தப் புகார்களில் இருந்தன. அதற்குப் பிறகுதான் இணைய வகுப்புகளைப் பதிவு செய்ய வேண்டும், அவற்றை ஒரு குழு பரிசீலிக்க வேண்டும் என்று அரசு சொன்னது. வகுப்பைப் பதிவு செய்வார்கள், சரி. வகுப்பு முடிந்ததும் அதே ஆசிரியரின் சொந்த எண்ணிலிருந்து மாணவியின் எண்ணுக்குப் போகிற செய்தியை யார் பதிவு செய்வது? பள்ளியிடம் ஒரு வரிகூட இருக்காது. அனுப்பியவர் அழித்துவிட்டால், அந்தப் பெண் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தால்தான் உண்டு.

பள்ளிக்குத் தேவையான தனியுரிமை வேறு வகை. வெளியாள் பார்க்கக் கூடாது, விளம்பர நிறுவனம் பார்க்கக் கூடாது, பக்கத்து வீட்டுப் பெற்றோருக்கு எண் தெரியக் கூடாது. புகார் என்று வந்தால் பொறுப்புள்ள ஒரு குழு மட்டும், விதிப்படி, பார்க்க முடிய வேண்டும். இந்த நான்கையும் சேர்த்துத் தருகிற ஏற்பாடு பள்ளியின் கையில் இருக்கிற சர்வரில்தான் சாத்தியம். சுலிப் என்ற கட்டற்ற மென்பொருளில் கைப்பேசி எண்ணே தேவையில்லை. மின்னஞ்சல் முகவரியை யார் பார்க்கலாம் என்பதையும் கட்டுப்படுத்தலாம். மாணவர்கள் தனிச்செய்தி அனுப்பலாமா கூடாதா என்பதையும் பள்ளியே வகுக்கலாம். மேட்ரிக்ஸ் என்ற நெறிமுறையில் ஓடும் அரட்டைச் செயலிகளுக்கும் எண் வேண்டாம். வெளி உலகத் தொடர்பை முழுக்கத் துண்டித்து மூடிய வளாகமாக நடத்தலாம். ஃபேஸ்புக் போலச் சுவரும் குழுக்களும் வேண்டும் என்றால் ஹம்ஹப் இருக்கிறது. 2004இல் கல்விக்கூடங்களை மனதில் வைத்தே தொடங்கிய எல்க் இருக்கிறது. பாடமும் வீட்டுப்பாடமும்தான் முதன்மை என்றால் மூடுல் இருக்கவே இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பிறந்து இருபது வருடங்களுக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருள் அது. பட்டியலை இதற்கு மேல் நீட்ட விருப்பமில்லை. எது என்பது இரண்டாம் கேள்வி. யார் கையில் என்பதுதான் முதல் கேள்வி.

இனி ‘இலவசம்’ என்ற வாதம். இதற்குப் பதில் சொல்ல எட்மோடோவின் கதை போதும். 2008இல் அமெரிக்காவில் தொடங்கியது. பார்க்க ஃபேஸ்புக் மாதிரியே இருக்கும். ஆசிரியர் வகுப்பைத் தொடங்குவார், பிள்ளைகள் சேர்வார்கள், பெற்றோர் எட்டிப் பார்க்கலாம், பைசா கிடையாது. நம் ஊர் சி.பி.எஸ்.இ. பள்ளிகள் பலவும் அதைப் பெருமையாகப் பயன்படுத்தின. 2017இல் அதன் 7.7 கோடி கணக்குகளின் விவரங்கள் திருடப்பட்டு விற்பனைக்கு வந்தன. மறு வருடம் நெட்டிராகன் என்ற சீன நிறுவனம் அதை வாங்கியது. 2022 செப்டம்பரில் கடையைச் சாத்தினார்கள். ஆசிரியர்கள் வருடக்கணக்கில் சேர்த்து வைத்த பாடங்கள், உரையாடல்கள் எல்லாவற்றையும் குறித்த தேதிக்குள் எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. 2023 மே மாதம் அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் எட்மோடோமீது நடவடிக்கை எடுத்தது. பெற்றோரின் முறையான சம்மதம் இல்லாமல் குழந்தைகளின் தரவைத் திரட்டியது, அதை விளம்பரத்துக்குப் பயன்படுத்தியது என்பவை குற்றச்சாட்டுகள். 60 லட்சம் டாலர் அபராதம். கட்ட வழியில்லை என்பதால் வசூல் நிறுத்திவைக்கப்பட்டது.

அந்த வழக்கில் என்னை உறுத்தியது இன்னொரு குற்றச்சாட்டு. பெற்றோரிடம் சம்மதம் வாங்கும் பொறுப்பை எட்மோடோ தன் விதிமுறைகளுக்குள் எங்கோ எழுதிப் பள்ளிகளின் தலையிலேயே கட்டியிருந்தது. லாபம் நிறுவனத்துக்கு, சட்டப் பொறுப்பு டீச்சருக்கு. இலவசச் செயலியை வகுப்புக்குள் கொண்டுவருகிற ஒவ்வொரு ஆசிரியரும் இப்படி எதிலெல்லாம் கையெழுத்திட்டிருக்கிறோம் என்று ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

அதற்காக உள்ளூர்ச் செயலிக்கு மாறினால் போதும் என்பவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. 2025 செப்டம்பரில் சோஹோவின் அரட்டை செயலியை ஊரே பதிவிறக்கியது. தமிழ்ப் பெயர், நம் ஊர் நிறுவனம், எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அப்போது அதில் எழுத்துச் செய்திகளுக்கு முழு மறையாக்கம் கிடையாது. நிரலும் திறந்த நிரல் இல்லை. முதலாளி தென்காசியில் இருக்கிறாரா கலிபோர்னியாவில் இருக்கிறாரா என்பது பள்ளிக்கு இரண்டாம்பட்சம். நாளை விதி மாறினால் பள்ளி தன் உரையாடல்களை எடுத்துக்கொண்டு வேறு சர்வருக்குப் போக முடியுமா என்று கேளுங்கள். கட்டற்ற மென்பொருளில் முடியும். மற்றவற்றில் அவர்கள் மனசு.

‘நடைமுறையில் யார் செய்கிறார்கள்?’ என்பவர்கள் கொஞ்சம் வெளியே பார்க்கட்டும். டென்மார்க்கில் ஹெல்சிங்கோர் நகரத்து அப்பா ஒருவர், பள்ளிக்கூடம் தன்னைக் கேட்காமல் தன் மகன் பெயரில் யூடியூப் கணக்குத் திறந்துவிட்டது என்று புகார் செய்தார். ஒரே ஒரு பெற்றோர். அதன் நீட்சியாக 2022 ஜூலையில் அந்நாட்டுத் தரவுப் பாதுகாப்பு ஆணையம் அந்நகராட்சிப் பள்ளிகளில் கூகுளின் கல்வித் தொகுப்பையே தடை செய்தது. தடையைப் பிறகு நிறுத்திவைத்தார்கள் என்றாலும் விவகாரம் முடியவில்லை. 2024இல் 53 நகராட்சிகள் மாணவர் தரவு கூகுளுக்குப் போகும் வழிகளைச் சட்டப்படி ஒழுங்குசெய்ய வேண்டும் என்று ஆணையம் உத்தரவிட்டது. பிரான்ஸின் கல்வி அமைச்சகம் 2022 நவம்பரில், மைக்ரோசாஃப்ட், கூகுள் ஆகியவற்றின் இலவசத் தொகுப்புகள் பள்ளிகளுக்கு வேண்டாம் என்று நாடாளுமன்றக் கேள்விக்கு எழுத்தில் பதில் சொன்னது. சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. நெக்ஸ்ட்கிளவுட், பீர்டியூப், பிக்புளூபட்டன் எல்லாம் கட்டற்ற மென்பொருள்கள். அவற்றை ஆசிரியர்களுக்கென்று அமைச்சகமே ஒரே வாசலில் ஏற்பாடு செய்திருந்தது. ஜெர்மனியில் வடக்கு ரைன் வெஸ்ட்ஃபாலியாவும் பவாரியாவும் மேட்ரிக்ஸை அடிப்படையாக வைத்துப் பள்ளிகளுக்கென்றே அரட்டைச் செயலி நடத்துகின்றன. இங்கெல்லாம் பெற்றோரிடம் வாட்ஸ்அப் இல்லையா என்ன?

ஐரோப்பா பணக்கார நாடுகளின் கூட்டம் என்று ஒதுக்கினால், பாலக்காடு கணவாயைத் தாண்டிப் பாருங்கள். கேரளத்தில் 2001இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம், இப்போது கைட் என்ற அரசு நிறுவனம், பள்ளிகளுக்கென்று சொந்தமாக ஒரு லினக்ஸ் பதிப்பையே பராமரிக்கிறது. 15 ஆயிரம் பள்ளிகளுக்கு ‘ஸ்கூல்விக்கி’ என்ற தளம் இருக்கிறது. விக்கிப்பீடியா ஓடுகிற அதே மீடியாவிக்கி மென்பொருள்தான் அதற்கும். பிள்ளைகள் தங்கள் ஊர் வரலாற்றை அதில் எழுதுகிறார்கள். கொரோனாக் காலத்து இணைய வகுப்புக்குக் கேரளமும் கூகுளை நாடியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அடித்தளம் போட்ட மாநிலமே அவசரத்தில் வழுக்கியது என்றால், அடித்தளத்தை முடிக்காத நம் நிலை என்ன?

நாமும் போட்டோம், பாதியில் விட்டோம். தமிழக அரசின் எல்காட் நிறுவனம் உமாசங்கர் ஐ.ஏ.எஸ். காலத்தில் சூசே லினக்ஸுக்கு மாறியது. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுக்குப் பக்கத்தில் பாஸ் லினக்ஸும் இருந்தது. அதை உருவாக்கியது சென்னை சி-டாக். பதினோராம் வகுப்புக் கணினிப் பாடநூலில் உபுண்டு இருக்கிறது, ஓப்பன் ஆபிஸ் இருக்கிறது. பாடம் நடத்துவது கட்டற்ற மென்பொருளைப் பற்றி, தேர்வு வைப்பதும் அதைப் பற்றி; அந்தத் தேர்வின் அட்டவணை மட்டும் வாட்ஸ்அப்பில் வரும்!

எதிர்த்தரப்பின் வாதங்களில் எனக்குக் கனமாகப் படுவது திக்‌ஷா. மத்திய அரசின் இந்தக் கல்வித் தளம் சன்பேர்ட் என்ற திறந்த நிரலின் மேல் கட்டப்பட்டது. 2022இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச், பல நாடுகளின் கல்விச் செயலிகளை ஆராய்ந்து, குழந்தைகள் இருக்கும் இடத்தைத் துல்லியமாக அறிய வழி வைத்திருந்தவற்றில் ஒன்றாக திக்‌ஷாவைக் குறிப்பிட்டது. 2023 ஜனவரியில், பூட்டப்படாத மேகச் சேமிப்பகம் ஒன்றில் திக்‌ஷாவின் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களின் விவரங்களும் ஏறத்தாழ 6 லட்சம் மாணவர்களின் விவரங்களும் ஒரு வருடத்துக்கு மேல் திறந்து கிடந்தது தெரியவந்தது. ‘பார்த்தீர்களா, உங்கள் திறந்த நிரல்!’ என்கிறார்கள்.

பார்த்தேன். நிரல் திறந்திருந்ததால் தரவு கசியவில்லை. சேமிப்பகத்தைப் பூட்டாமல் விட்டதால் கசிந்தது. அதைவிட முக்கியம், இத்தனை பேர் விவரத்தை ஒரே இடத்தில் குவிக்கும் ஆசை அங்கே இருந்தது. வகுப்புக்குச் செய்தி அனுப்ப ஒரு பெயரும் ஒரு கடவுச்சொல்லும் போதும். பிறந்த தேதி எதற்கு? ஆதார் எதற்கு? சாதிச் சான்றிதழ் எண் எதற்கு? திக்‌ஷா எனக்குச் சொல்வது இவ்வளவுதான்: மென்பொருள் கட்டற்றதாக இருப்பது தேவை, ஆனால் போதாது. குறைவாகக் கேட்க வேண்டும், வருட இறுதியில் அழிக்க வேண்டும், சர்வர்களைப் பிரித்து வைக்க வேண்டும். சென்னையில் ஒரே கிடங்கில் மாநிலத்துப் பிள்ளைகள் அத்தனை பேர் பேச்சையும் அடுக்கிவைக்கச் சொன்னால் முதல் எதிர்ப்பு என்னுடையதாக இருக்கும்.

அப்படியானால் யார் நடத்துவது? ‘எங்கள் பள்ளியில் கணினி ஆசிரியர் பணியிடமே காலியாக இருக்கிறது, சர்வர் யார் பார்ப்பார்கள்’ என்ற கேள்வி நியாயமானது. ஒற்றைப் பள்ளி சர்வர் நடத்த வேண்டாம் என்பதே என் கட்சி. ஆறேழு பள்ளிகள் வைத்திருக்கும் தனியார் அறக்கட்டளை தன் பள்ளிகளுக்குச் சேர்த்து நடத்தலாம். சிறிய வாடகைச் சர்வர் மாதம் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது, அந்தப் பள்ளிகளின் விழாப் பந்தல் செலவு அதைவிட அதிகம். 37 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளுக்கு மாவட்டத்துக்கு ஒன்றாக அரசு நடத்தட்டும். ஆள் இல்லை என்பதை மட்டும் நம்ப மாட்டேன். விழுப்புரத்தில் லினக்ஸ் பயனர் குழு கிராமத்துப் பிள்ளைகளுக்கே பயிற்சி கொடுக்கிறது. காஞ்சிபுரத்திலும் சென்னையிலும் குழுக்கள் இருக்கின்றன. கணியம் இணைய இதழ் 2012இலிருந்து தமிழில் கட்டற்ற மென்பொருளைப் பற்றி எழுதி வருகிறது. இடைமுகம் அரைகுறைத் தமிழில் இருக்கிறது என்றால் இவர்களே திருத்துவார்கள். லிப்ரெஆபிஸையும் ஃபயர்ஃபாக்ஸையும் தமிழில் கொண்டுவந்தது தன்னார்வலர்கள்தான். வாட்ஸ்அப்பின் தமிழில் ஓர் எழுத்துப் பிழையைத் திருத்த நீங்களும் நானும் யாரிடம் மனுப் போடுவது?

‘பெற்றோர் இன்னொரு செயலியை ஏற்க மாட்டார்கள்’ என்பதுதான் கடைசி ஆயுதம். இதைச் சொல்கிற பள்ளிதான் கட்டணம் கட்ட ஒரு செயலி, வேன் எங்கே வருகிறது என்று பார்க்க ஒரு செயலி, வீட்டுப்பாடத்துக்கு ஒரு செயலி என்று மூன்றைப் பெற்றோர் கைப்பேசியில் ஏற்கெனவே ஏற்றியிருக்கிறது. அப்போது யாரும் ஏற்க மாட்டார்கள் என்ற கவலை வரவில்லை. அவற்றில் எதன் நிரலையாவது, எதன் தனியுரிமைக் கொள்கையையாவது நிர்வாகம் படித்துப் பார்த்ததா? வீட்டில் ஒரே கைப்பேசி, அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடுகிறது என்ற குடும்பங்களும் இருக்கின்றன. அவர்களுக்கு வாட்ஸ்அப்பும் எட்டாது, குறுஞ்செய்தியும் நாட்குறிப்பும்தான் எட்டும். அவர்களைக் காரணம் காட்டி வாட்ஸ்அப்பைத் தாங்குவது முறையில்லை.

வாட்ஸ்அப்பின் ‘கம்யூனிட்டி’ வசதியில், அறிவிப்புக் குழுவில் மட்டும் உறுப்பினர் எண்கள் மற்றவர்களுக்குத் தெரியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இன்றே எதையும் மாற்ற முடியாத பள்ளி குறைந்தபட்சம் அதையாவது செய்யலாம். முதலுதவி அவ்வளவே.

சட்டத்தின் பக்கம் வருவோம். தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டில் சொல்லிவிட்டார்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயது நிரம்பாத எவரும் குழந்தை. அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும். குழந்தைகளைக் குறிவைத்து விளம்பரம் செய்யக் கூடாது. மீறினால் அபராதம் 200 கோடி ரூபாய் வரை போகலாம். கல்வி நிறுவனங்களுக்கு விதிகளில் சில விலக்குகள் உண்டு என்று பள்ளி நிர்வாகிகள் நிம்மதியாக இருக்கிறார்கள். அந்த விலக்கு கல்விச் செயல்பாட்டுக்கும் மாணவர் பாதுகாப்புக்கும் தேவையான அளவுக்குத்தான். ஒரு பிள்ளையின் மதிப்பெண்ணையும் கட்டண பாக்கியையும் எழுபது எண்களுக்கு அனுப்புவது எந்தப் பாதுகாப்பில் சேரும்?

பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. அடுத்த கூட்டத்தில் மூன்று தீர்மானம் கேளுங்கள்: மதிப்பெண்ணும் பாக்கிப் பட்டியலும் இனிக் குழுவில் வரக் கூடாது, ஆசிரியர் சொந்த எண்ணிலிருந்து மாணவருக்குத் தனிச்செய்தி போகக் கூடாது, மாற்றுத் தளத்துக்கு ஒரு வகுப்பில் மட்டும் ஒரு பருவம் சோதனை நடக்க வேண்டும். காலமும் அதிகம் இல்லை: தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர அளித்த அவகாசம் 18 மாதம். 2027 மே மாதத்தில் அது முடிகிறது.